கையெழுத்து மாதிரி

ஆடி பிறந்துவிட்டால் பாலூ தம்பி இல்லாமல் என் கடை ஓடாது. ஆள் இல்லை, ஃபான்ட். கொழுகொழுவென்று, முனையெல்லாம் மழுங்கி, தடித்த மார்க்கரால் யாரோ விளையாட்டாக வரைந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும் தமிழ் எழுத்து. நம் மும்பையின் ஏக் டைப் குழு செய்தது. பாலூ என்று ஒரே குடும்பத்தை இந்திய லிபிகள் பலவற்றுக்கும் வரைந்து, அந்தந்த மொழிக்காரர்கள் உடன்பிறந்தவனைக் கூப்பிடும் பெயரையே ஒவ்வொன்றுக்கும் வைத்துவிட்டார்கள். மலையாளத்துக்கு பாலூ சேட்டன், தெலுங்குக்கு பாலூ தம்முடு, குஜராத்திக்கு பாலூ பாய், குர்முகிக்கு பாலூ பாஜி. நமக்குத் தம்பி. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

கூழ் ஊற்றும் விழா, காதுகுத்து, முதல் பிறந்தநாள், இட்லி மாவுக் கடை, டியூஷன் சென்டர், எதற்கும் பொருந்தும். ‘வாங்க’ என்று அதில் எழுதினால் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுப்பது போலவே இருக்கும். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதில் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மாரியம்மனுக்குக் கேட்பார்கள், பிள்ளையாருக்குக் கேட்பார்கள், பால முருகனுக்குக் கேட்பார்கள். சனிப்பெயர்ச்சி பேனருக்குக் காட்டினால், “அண்ணாச்சி, வேற நல்ல எழுத்தா போடுங்க” என்பார்கள். எந்தச் சாமியோடு சிரித்துப் பேசலாம், எந்தச் சாமியிடம் கைகட்டி நிற்க வேண்டும் என்று எந்த ஆகமமும் படிக்காமல் ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

என் கடை செம்பூர் திலக் நகரில், ஹார்பர் லைன் ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். பின்னால் லோகமான்ய திலக் டெர்மினஸ். கோயம்புத்தூர் வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது. சுற்றிலும் மகாடா வீட்டு வாரியக் கட்டடங்கள், பாதி இடித்து மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்குள் இருந்த பிள்ளையாரை 1893-ல் தெருவுக்குக் கொண்டுவந்த திலகரின் பெயரை வைத்துக்கொண்டு இந்த ஊர் சும்மா இருக்குமா? சஹ்யாத்ரி கிரீடா மண்டல் கணபதிக்கு வருஷம் ஒரு கோயிலையோ அரண்மனையையோ செட்டாகப் போட்டு நிறுத்துவார்கள். அதைச் சுற்றியே எங்கள் தொழிலுக்கு ஒரு மாசம் சோறு. தெருவுக்கு வந்த சாமிக்கு முதலில் தேவைப்படுவது பேனர்.

அப்பா தாராவியில் போர்டு எழுதியவர். திருநெல்வேலியிலிருந்து பிரஷோடு வந்தவர். நூலில் சாக்குப் பொடி தடவி, ஒரு முனையை நான் பிடிக்க, நடுவில் விரலால் சுண்டிவிடுவார். சுவரில் வெள்ளைக் கோடு விழும். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே எனாமல் பெயின்டில் எழுத்து. அவர் பெரியார் கட்சி. காலையில் கடவுள் மறுப்பு வாசகம் எழுதிய பிரஷைத் தின்னரில் கழுவி, சாயங்காலம் அதிலேயே அம்மன் கோயில் போர்டு எழுதுவார். இரண்டுக்கும் ஒரே கூலி, ஒரே நேர்த்தி. “எழுத்துக்கு நம்பிக்கை கிடையாதுல, கோணல்தான் உண்டு” என்று சொல்லுவார்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரியார் 1935-லேயே குடியரசு பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார், 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு அதில் பலவற்றை ஏற்றது. யானைத் தும்பிக்கை மாதிரி இருந்த பழைய லை, ணை, னை எல்லாம் அதோடு போயின. இன்று செடா நகர் முருகன் கோயில் விழாவுக்கு நான் ‘மாலை அணிதல்’ என்று எழுதினால், அந்த ‘லை’ கடவுள் இல்லை என்று சொன்னவர் வழிவந்த லை. முருகன் இதுவரை ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

ஆக, சாமி பெயரை எழுதுகிறவனுக்கு நம்பிக்கை வேண்டும் என்ற விதி என் வீட்டில் சின்ன வயதிலேயே செத்துவிட்டது. மிச்சமிருந்தது ‘கை வேண்டுமா’ என்ற கேள்வி. கை வேண்டாமே, கை மாதிரி இருந்தால் போதுமே என்றுதான் இந்தக் கால ஃபான்ட்கள் சொல்கின்றன. டெல்லியில் ஹனீஃப் குரேஷி என்பவர் போர்டு எழுதும் பெயின்டர்களைத் தேடிப் போய், அவர்களை அகர வரிசை முழுக்க எழுதவைத்து, அதை கம்ப்யூட்டர் எழுத்தாக்கினார். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெயின்டர் பெயர்தான்: பெயின்டர் கஃபீல், பெயின்டர் உமேஷ் என்று. குரேஷி 2024-ல் காலமாகிவிட்டார். ஏணியில் ஏறி வெயிலில் எழுதிய கை இப்போது விசைப்பலகைக்குள் இருக்கிறது. நல்ல காரியம். அப்பாவின் எழுத்தை யாரும் அப்படி எடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு ஆதங்கம் கூட உண்டு.

இந்தக் கேள்வியை என் மேஜை மேலேயே கொண்டுவந்து போட்டவர் எங்கள் பக்கத்துக் கட்டடத்து ஆச்சி. எண்பது தாண்டியவர். பேரன் குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சலில், பிழைத்தால் ஒரு லட்சம் ஸ்ரீராமஜெயம் எழுதுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். பேரன் பிழைத்து, வளர்ந்து, ஐரோலியில் வேலைக்கும் போகிறான். ஆச்சி எழுபதாயிரம் எழுதிவிட்டார். அதற்குள் கை நடுக்கம் வந்துவிட்டது. பேனா பிடித்தால் நாலு எழுத்துக்கு மேல் நிற்பதில்லை.

பேரன்தான் யோசனை சொன்னான். “அண்ணாச்சி, கையெழுத்து மாதிரி ஃபான்ட் இருக்குல்ல, அதுல முப்பதாயிரம் அடிச்சு பிரின்ட் எடுத்துரலாம்.” நான் முதலில் காட்டியது கவிவனார். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்தது, கொஞ்சம் சாய்ந்து, கடிதத்தில் எழுதுகிற தோரணையில் இருக்கும். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு கையோ. நான் நேந்தது எங் கையால எழுதுதேன்னுல்லா.”

அவன் விடவில்லை. அப்படியானால் ஆச்சியின் கையெழுத்தையே ஃபான்ட் ஆக்கிவிடலாம் என்றான். எனக்கும் தொழில் ஆசை வந்துவிட்டது. ஸ்ரீராமஜெயத்துக்கு என்ன பெரிதாக வேண்டும்? ஸ்ரீ, ர, கால், ம, கொம்பு, ஜ, ய, ம். எட்டே உருவம். நல்ல நாளில் எழுதிய நோட்டை ஸ்கேன் செய்து, கோரலில் ட்ரேஸ் எடுத்து, ஃபான்ட் செய்யும் சாஃப்ட்வேரில் ஏற்றினால் முடிந்தது. ஒரே அச்சாக வந்துவிடக் கூடாதே என்று ஒரே எழுத்துக்கு மூன்று நான்கு உருவம் வைத்து, அடுத்தடுத்து வரும்போது மாற்றி மாற்றிப் போடு என்று உள்ளேயே விதியும் எழுதிவிடலாம். ஆச்சி எழுதினாரா, மெஷின் எழுதியதா என்று ஆஞ்சநேயருக்கே சட்டென்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தும் விட்டேன். செய்யும்போதே மனசுக்குள் வழக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

நாமத்தைப் பற்றி நம் ஆட்கள் சொல்லிவைத்திருப்பதைப் பார்த்தால் பேரன் பக்கம்தான் தீர்ப்பு. பாகவதத்து அஜாமிளன் சாகும்போது தன் பிள்ளையைத்தான் ‘நாராயணா’ என்று கூப்பிட்டான், சாமியை இல்லை. அதற்கே எமதூதர்கள் விலக வேண்டியதாயிற்று. கோவிந்தபுரத்துப் போதேந்திரர் வழியில் வந்தவர்கள் இதை ஒரு சித்தாந்தமாகவே நிறுத்தினார்கள்: தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் நாமம் தன் வேலையைச் செய்யும். அப்படியென்றால் பிரின்டர் கக்கினால் மட்டும் செய்யாதா?

ஜப்பானில் இதை ஒரு பேரரசியே செய்துபார்த்திருக்கிறார். 764-ல் நடந்த கலகம் அடங்கிய பிறகு ஷோதோகு பேரரசி பத்து லட்சம் குட்டி மரக் கோபுரங்கள் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு தாரணி மந்திரச் சுருளை வைக்கச் செய்தார். சுருளெல்லாம் அச்சடித்தவை. 770-க்குள் வேலை முடிந்து பத்துக் கோயில்களுக்குப் பங்கு பிரித்தார்கள். உலகில் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுகளில் அதுவும் ஒன்று. யாரும் படிப்பதற்காக அடித்ததல்ல, புண்ணியத்துக்காகவே அடித்தது. திபெத்தில் அச்சிட்ட மந்திரத்தை உருளைக்குள் சுருட்டிச் சுற்றுகிறார்கள்; ஒரு சுற்றுக்கு அத்தனை தடவை சொன்ன பலன். நம் தமிழிலும் அச்சு பிறந்ததே சாமி காரியத்துக்குத்தான். 1578-ல் கொல்லத்தில் வந்த ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கத்து ஜெபப் புத்தகம். இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகமும் அதுவே.

எதிர்க்கட்சியும் லேசுப்பட்டதில்லை. யூதர்கள் தொழுகைக்கூடத்தில் வைத்து ஓதும் தோராச் சுருளை இன்றும் கையால்தான் எழுத வேண்டும். 3,04,805 எழுத்து. கடவுள் பெயர் வரும் இடத்தில் எழுத்தர் நிறுத்தி, இதை இந்தப் பெயரின் புனிதத்துக்காகவே எழுதுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுதுவார். அச்சடித்த சுருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது. எங்கள் தெரு அத்தர் கடை பாயிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மதீனாவிலிருந்து வந்த குர்ஆனை எடுத்துக் காட்டினார். சிரியாவில் பிறந்த உஸ்மான் தாஹா என்ற ஒரே மனிதர் கையால் எழுதியதை அப்படியே அச்சடித்துக் கோடிக்கணக்கில் உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். அந்தப் பிரதியில் ஓதுகிறவர் எல்லோரும் ஒரே கையைத்தான் பார்க்கிறார்கள். “அவர் எழுதினது அவருக்கு. நான் ஓதினா எனக்கு” என்றார் பாய், அத்தர் புட்டியைத் துடைத்துக்கொண்டே. நான் படித்த எதைவிடவும் அது எனக்குத் தெளிவாகப் பட்டது.

ஏனென்றால் ஆச்சி படிப்பதற்காக எழுதவில்லை. அந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. நிறைந்த நோட்டுகளைக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், சீட்டாக வெட்டி மாலை கட்டி ஆஞ்சநேயருக்குப் போடுவார்கள், சில இடங்களில் கட்டுமானத்துக்கு அடியில் வைத்துப் புதைத்தும் விடுவார்கள். வாரணாசியில் ராம் ரமாபதி வங்கி என்று ஒன்று, எழுதிய ராமநாமத்தை டெபாசிட்டாக வாங்கிவைக்கிறது. பத்தமடையில் பிறந்து ரிஷிகேசத்தில் ஆசிரமம் வைத்த சுவாமி சிவானந்தர், நாமத்தை எழுதியே ஜபிக்கும் லிகித ஜபத்தை ஊர் ஊராகப் பரப்பியவர். அவர் சொன்ன ஒழுங்குகளும் பேசாமல் இரு, ஒரே நேரத்தில் உட்கார், கண்ணை எடுக்காதே என்று உட்காருகிற ஆளைப் பற்றித்தான் இருக்கின்றன. எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பது அங்கே பெரிய பேச்சில்லை.

அஜாமிளன் கதையையும் அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரிப் பார்த்தேன். அவனுக்குப் பக்தி இல்லை, நினைப்பு இல்லை. சரி. ஆனால் நாக்கு அவனுடையது. மரண பயத்தில் வறண்டுபோன அந்த நாக்கைத் தூக்கி அவன்தான் அந்தப் பெயரைச் சொன்னான். நாமத்துக்கு மனசு கூட வேண்டாம் என்று சொன்னவர்களும் உடம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜப்பானியப் பேரரசியின் பத்து லட்சத்தைக்கூட நான் தள்ளவில்லை. மரம் கடைந்தவர்கள், சுருட்டி உள்ளே வைத்தவர்கள், அத்தனை கைகளும் அதில் இருக்கின்றன. பேரரசியின் கை அதில் எவ்வளவு என்பதுதான் சந்தேகம்.

சைவர்கள் வீட்டில் வளர்ந்த கதை ஒன்று இதற்கெல்லாம் மேலே நிற்கிறது. தில்லையில் மாணிக்கவாசகரிடம் ஒரு பெரியவர் வந்தார். நீர் பாடியதையெல்லாம் சொல்லும், எழுதிக்கொள்கிறேன் என்றார். அவர் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதி முடித்தார், பிறகு திருக்கோவையாரையும் பாடவைத்து எழுதினார். மறுநாள் ஓலைக்கட்டு பஞ்சாக்கரப் படியில் இருந்தது, கடைசியில் எழுதியவர் பெயராக அம்பலத்தான் பெயர். புதுச்சேரி அம்பலத்தாடையார் மடத்தில் இருக்கும் திருவாசக ஓலை அந்த ஓலைதான் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஓலையின் வயதைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் பேசட்டும். எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. நினைத்த மாத்திரத்தில் கோடிப் பிரதி உண்டாக்கக் கூடியவன், கிழவனாக வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, எழுத்தாணி பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் கீறியிருக்கிறான். சாமிக்கே குறுக்கு வழி இருந்தும் அவர் அந்த வழியில் போகவில்லை என்றுதானே கதை கட்டியவர்கள் சொல்கிறார்கள்?

அதற்காக அச்சடித்த திருவாசகத்தைப் பார்த்துப் பாடுகிறவனுக்குப் பலன் குறைவு என்று யாரும் சொன்னதில்லை. பாய் சொன்னதுதான். பார்ப்பதற்கான எழுத்து எந்த மெஷினிலும் வரலாம். கொடுப்பதற்காக எழுதுகிற எழுத்தில் கொடுக்கப்படுவது எழுத்தே இல்லை. அதை எழுத உட்கார்ந்த நேரம். பாலூ தம்பி ஜனங்களைக் கூப்பிடுகிறான், அவன் வேலை அது, அதில் அவனை அடிக்க ஆள் இல்லை. நேர்த்திக்கடனை அவன் எப்படி அடைப்பான்?

நான் இந்தப் பிரசங்கத்தையெல்லாம் ஆச்சியிடம் செய்யவில்லை. பிரின்ட் எடுத்த தாளை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ‘ஸ்ரீ’யின் வாலை அவர் எப்போதும் இடதுபக்கம் நீட்டிச் சுழித்துவிடுவார், அந்தச் சுழியும் அச்சாக வந்திருந்தது. “எங் கைதான்” என்றார். அப்புறம் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வரச்சொல்லிப் பக்கத்தில் விரித்தார்.

“இந்தா, இந்தப் பக்கம் பாரு, தாத்தா சயான்ல ஆஸ்பத்திரில கெடந்தப்ப எழுதினது. வெளி பெஞ்சில மடியில வச்சு எழுதினதால ஆடிப்போயிருக்கு. இது கரண்டு போன அன்னிக்கு, கோட்டுக்கு மேல ஏறிருச்சு. இதப் பாரு, அழுத்தி அழுத்தி, மறுபக்கம் தெரியுது பாரு. அன்னிக்கு எம் மருமவகூடச் சண்ட.” இன்னொரு பக்கத்தில் கடைசி ‘ம்’மிலிருந்து ஒரு கோடு வழுக்கிக்கொண்டு தாளின் ஓரம் வரைக்கும் போயிருந்தது. அது எழுதிக்கொண்டே தூங்கியது. என் தாளில் சண்டையும் இல்லை, தூக்கமும் இல்லை. மூன்று நான்கு உருவத்தை மாற்றி மாற்றிப் போட்டிருந்தேனே, அதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். “இது என்ன, மூணே சட்டைய மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வாரவன் மாதிரில்லா இருக்கு?”

ஒரு நாளைக்குப் பதினொன்று எழுதுவதாக முடிவு செய்தார். காலையில் மாத்திரை போட்ட பிறகு கொஞ்ச நேரம் நடுக்கம் அடங்கியிருக்கிறதாம், அதற்குள். பேரன் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தான். முப்பதாயிரத்தைப் பதினொன்றால் வகுத்தால் 2,727 நாள்.

“ஆச்சி, ஏழரை வருசம் ஆகும்.”

“எனக்கு என்னிக்குல நடக்கல ஏழரை?”

“முடியாம போயிட்டா?”

“போனா போகட்டும். ராமர் என்ன வட்டிக்கா குடுத்திருக்காரு?”

ஃபான்ட் என் கம்ப்யூட்டரில் கிடந்தது. எட்டு எழுத்து, ஒரே ஒரு வார்த்தை எழுதத் தெரிந்த ஃபான்ட். அழிக்க மனசு வரவில்லை. இந்தத் தையில் பேரனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவனே கேட்டான், பத்திரிகை முழுக்க ஆச்சி கையெழுத்திலேயே போடலாமா என்று. ஆச்சியிடம் தயங்கித்தான் கேட்டோம். அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. “அது ஊரக் கூப்பிடுததுக்குத்தானே? தாராளமாப் போடு” என்றுவிட்டார். ஆனால் அந்த எழுத்தை எழுதும் நேரம் பதினொன்றில் சேராது, அது தனிக்கணக்கு.

இப்போது மாத்திரை போட்டுப் பதினொன்று முடிந்ததும், கை ஒத்துழைத்தால், எனக்கு இரண்டு எழுத்து எழுதித் தருகிறார். 247-ஐயும் எழுதத் தேவையில்லை. காலும் கொம்பும் தனியே வந்து ஒட்டிக்கொள்ளும். உகர ஊகார வரிசைகள் மட்டும் அப்படி ஒட்டாது, பதினெட்டையும் இரண்டு தடவை எழுதியாக வேண்டும். ‘ஙூ’வுக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எந்தக் கல்யாணத்தில் யாருக்கு ஙூ வேண்டியிருக்கிறது என்று கேட்டார். சரி, விடுங்கள் என்றேன்.

தகராறு ‘லை’யில் வந்து நிற்கிறது. ஆச்சிக்கு 1978 செல்லாது. தும்பிக்கை வைத்த பழைய லைதான் எழுதுவார், அதுவும் அழகாக. பேரனுடைய சிநேகிதர்கள் அதைப் பார்த்தது கூட இல்லை. பத்திரிகையில் ‘மாலை 6 மணிக்கு வரவேற்பு’ என்று ஒரு வரி இருக்கிறது. புது லை எழுதித் தாருங்கள் என்றால், “உங்கப்பன் மாதிரியே பேசாத” என்கிறார். பிரஸ்ஸில் வெள்ளிக்கிழமைக்குள் ஃபைல் வேண்டும் என்கிறார்கள். பெண் வீட்டார் படிக்கத் தெரியாமல் எட்டு மணிக்கு வந்து நின்றால் பதில் சொல்லவேண்டியவன் நான்.